முழங்கால் உயர வேலி

நின்றுவிட்டது. இந்தத் தடவையும் வேலிக்குச் சற்று முன்னால், காதுகளைக் குத்திட்டு, முன்கால்களை மணலில் ஊன்றி அப்படியே நின்றுவிட்டது பிஸ்கட். நான் அதன் கழுத்தின் மேல் பாதி சரிந்து, பிடரி மயிரை ஒரு கையில் பற்றிக்கொண்டு, கீழே விழாமல் இருக்கிறேன், அவ்வளவுதான். வேலி என்றால் என்ன பெரிய வேலி, இரண்டு கம்பைக் குறுக்காகப் போட்டிருக்கிறது, நடுவில் என் முழங்கால் உயரம் வந்தால் அதிகம். தெருநாய் யோசிக்காமல் தாண்டிவிட்டுப் போகும். இது ரேஸில் ஓடின குதிரை, ரேஸில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது, சென்னியப்பன் சார் தன் மகளுக்காக வாங்கி வந்ததும் அந்தப் பெண் தரணிகா அதன் நிறத்தைப் பார்த்து பிஸ்கட் என்று கூப்பிட ஆரம்பித்தாள், நாங்கள் எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். இவ்வளவு பெரிய பெட்டைக்குதிரைக்கு அந்தப் பெயர் பொருந்தவே இல்லை, ஆனால் அதை யார் கேட்டார்கள். சரி, சரிடா தங்கம், ஒன்றுமில்லை, வா திரும்பலாம். கழுத்தில் தட்டிக்கொடுக்கிறேன், வியர்த்திருக்கிறது, என் கையும் வியர்த்திருக்கிறது, எது யாருடையது என்று தெரியவில்லை. இந்த நேரத்தில் கோயம்புத்தூர் இன்னும் சூடாகவில்லை, கணவாய்ப் பக்கமிருந்து காற்று வருகிறது, தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் மலை நீலமாகத் தெரிகிறது. வியர்ப்பதற்குக் காரணமே இல்லை. பயம்தான். அதற்கு என்மேல் பயமா, வேலிமேல் பயமா, இல்லை என் பயம் சேணம் வழியாக அதற்கு இறங்குகிறதா. குதிரைக்குத் தெரியும், நம் தொடை இறுகினால் தெரியும், மூச்சைப் பிடித்தால் தெரியும், இதைத்தான் நான் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன், மூச்சை விடு, மூச்சை விடு என்று மைதானத்தின் நடுவில் நின்று கத்துகிறேன். நான் மேலே ஏறிக் குதிக்கப் பார்ப்பது மட்டும் இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான்.

நடக்கட்டும், கொஞ்சம் சுற்றி நடக்கட்டும். தரையில் கம்பு போட்டால் தாண்டி நடக்கிறது, கயிற்றில் கட்டிச் சுற்றவிட்டால், மேலே ஆள் இல்லாவிட்டால், இதே வேலியைத் தாவவும் தாவுகிறது. ஆள் ஏறினால்தான் நிற்கிறது. தரணிகா விழுந்ததும் அப்படித்தான், அவள் காற்சட்டைப் பை நிறைய சர்க்கரைக்கட்டி வைத்துக்கொண்டு வருகிற பெண், குதிரைமேல் உயிர், அன்றைக்கு வேலிக்கு முன் இது நின்றது, அவள் நிற்கவில்லை, தலைக்கு மேல் பறந்து போய் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. கார் வரும்வரை என் மடியில் படுத்துக்கொண்டு, ஆன்ட்டி, பிஸ்கட்ட திட்டாதீங்க, அது வேணும்னே பண்ணல, என்றாள். வலியில் உதடு வெளுத்துப்போயிருந்தது. அதற்கப்புறம் என் புருஷன் ஆல்வின்தான் வந்து சொன்னான், சென்னியப்பன் சார் கோபமா இருக்கார், தாண்டலன்னா ஊட்டிக்கு சவாரிக்காரங்களுக்குக் கொடுத்துடுவாராம். ஏரிக்கரையில் நிற்கிற குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன், முதுகெலும்பு துருத்திக்கொண்டு, போட்டோ எடுக்கிறவர்களைச் சுமந்துகொண்டு, மழையில் குப்பையை மேய்ந்துகொண்டு. அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் பிஸ்கட்டோடுதான் இருக்கிறேன். இன்றைக்கு ஞாயிறு, கோயிலுக்குக்கூடப் போகவில்லை, சார் பார்க்க வருகிறார். எல்லோரும் கேட்கிறார்கள், ஏன் தாண்ட மாட்டேங்குது. டாக்டர் வந்து காலைத் தூக்கிப் பார்த்தார், முதுகை அழுத்திப் பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்றதும் எல்லோருக்கும் கோபம் வந்துவிட்டது. நோய் என்றால் பாவம் என்றிருப்பார்கள். காரணமில்லாமல் வேண்டாம் என்று சொன்னால் திமிர். ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து ஒட்டினால்தான் மனிதர்களுக்குத் தூக்கம் வரும், ஒட்டினது பொருந்துகிறதா என்று பார்க்கிறவர் யார். எனக்கும் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள்.

இப்போது ட்ராட், மெதுவான ஓட்டம், உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து, என் முழங்கால் பழசாகிவிட்டது. வேலியைப் பார்க்காதே, வேலிக்கு அப்பால் பார், அந்த வேப்பமரத்தைப் பார். பிள்ளைகளிடம் சொல்வதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். வேப்பமரத்தடியில் ஆல்வின் நிற்கிறான். டீ டம்ளரோடு, உதடு குவித்து ஊதிக்கொண்டு. அவனைப் பார்த்ததும் என் தொடை இறுகுகிறது, நான் நினைத்துச் செய்யவில்லை, அதுவாக இறுகுகிறது, பிஸ்கட்டின் காது ஒன்று பின்னால் திரும்புகிறது, கேட்கிறது, என்ன, என்ன என்று. நின்றுவிட்டது. "சவுக்க எடு பியூலா, கெஞ்சிட்டே இருந்தா தலைமேல ஏறி உக்காந்துக்கும்" என்கிறான் அங்கிருந்தே. "பரவால்ல, நான் பாத்துக்கறேன்." "மணி ஆகுது, அவர் வந்துருவார்." "தெரியும்ங்க." ங்க. காலேஜில் நான் இவனை டேய் என்றுதான் கூப்பிடுவேன். கால்நடைக் கல்லூரி மைதானத்தில் என்.சி.சி. குதிரைப் பிரிவு, நாங்கள் இரண்டு பேரும் ஒரே அணி, டேய் ஆல்வின் உன் குதிரைக்குத் தண்ணி காட்டினியா, போடீ உன் வேலையப் பாரு. என்னை ஜெயிக்க முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்வான், அதைச் சொல்லும்போது சிரிப்பான், அந்தச் சிரிப்புக்காகத்தான் கட்டிக்கொண்டேன். கல்யாணத்தன்று சாயங்காலமே அவன் அம்மா கூப்பிட்டு, புருஷன பேர் சொல்லிக் கூப்பிடாதம்மா, கேக்கறவங்க என்ன நினைப்பாங்க, என்றார்கள். சரிங்க அத்தை என்றேன். எவ்வளவு சின்ன விஷயம், முழங்கால் உயரம்கூட இல்லை. அதைத் தாண்டிவிட்டேன். அடுத்ததைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தார்கள், அதையும் தாண்டினேன். நான் எதற்குமே நின்றதில்லை என்பதை இப்போது இந்தக் குதிரைமேல் உட்கார்ந்து யோசித்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக வருகிறது. டீ குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து மிச்சத்தை மணலில் ஊற்றிவிட்டு கேட் பக்கம் போகிறான். போ.

பிஸ்கட் மறுபடி ட்ராட்டில் சுற்றுகிறது. சுல்தான் நின்றதே இல்லை. கறுப்புக் குதிரை, என்னுடையது, அப்பா பி.எஃப். எடுத்து வாங்கித்தந்தது, வேலியைக் கண்டால் அதுவே இழுத்துக்கொண்டு போகும். பெங்களூர் போட்டிக்கு நானும் அதுவும் தயாராகிக்கொண்டிருந்தபோதுதான் நாள் தள்ளிப்போனது. சோதித்துப் பார்த்துவிட்டு ஓடிவந்து முதலில் ஆல்வினிடம்தான் சொன்னேன், லாயத்தில், அவன் புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு என்னைத் தூக்கினான், உடனே இறக்கிவிட்டான், இனி தூக்கக்கூடாது என்று. நான் அன்றைக்கே குதிரையை விட்டு இறங்கினேன். அன்றைக்கே. சேணத்தைக்கூட நான் தூக்கவில்லை. சுல்தானை நீ ஓட்டு, பெங்களூருக்கு நீ போ என்று நானே சொன்னேன், அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் காலையில் ஏறிவிட்டான். எனக்கு வருத்தமில்லை, அப்போது எனக்கு எதிலும் வருத்தமில்லை, மாங்காய் தின்றேன், தூங்கினேன், குட்டிக் குட்டிச் சட்டைகளைக் கடைகளில் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் பெங்களூர் கிளம்புவதற்கு முதல் நாள் அவனுடைய வெள்ளைக் காற்சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். போட்டிக்குப் போடுகிற காற்சட்டை, மடிப்பு விழக்கூடாது. தண்ணீர் தெளித்துத் தேய்க்கும்போது ஒரு வாசனை வரும், சூட்டு வாசனை, துணி வாசனை. அடிவயிற்றில் யாரோ பிடித்துத் திருகின மாதிரி இருந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன், அதுகூட ஞாபகம் இருக்கிறது, துணி கருகக்கூடாது என்று நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் கீழே உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பெண்ணின் அம்மாவிடம் அத்தை சொல்லிக்கொண்டிருந்தது திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. "குதிர மேல ஏறிக் குதிச்சுட்டுத் திரிஞ்சா வயித்துல புள்ள எப்படிங்க தங்கும்?" ஆல்வின் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். திரைக்குக் கீழே அவன் செருப்பு தெரிந்தது. இல்லம்மா, அவ ஏறி ரொம்ப நாளாச்சு, என்று இப்போது சொல்வான் என்று அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். செருப்பு கொஞ்சம் நகர்ந்தது. எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றினான். அவ்வளவுதான்.

டாக்டரம்மா இரண்டு பேரையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள், இரண்டு பேரும்தான் வர வேண்டும், யாரிடம் என்னவென்று பார்த்தால்தான் அடுத்ததற்கு வழி தெரியும் என்றார்கள். நான் போனேன். என்னிடம் ஒன்றுமில்லை. அவன் போகவில்லை, இந்த வாரம் அடுத்த வாரம் என்று சொல்லி போகவே இல்லை. அவன் எதற்குப் போக வேண்டும், காரணம்தான் கிடைத்துவிட்டதே. எல்லோருக்கும் பிடித்த காரணம். என் அம்மாகூட ஜெபக்கூட்டத்தில் எனக்காக அழுது ஜெபித்தாள், ஆண்டவரே, அவள் அறியாமல் செய்ததை மன்னியும். நான் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், தொண்டை கட்டச் சொல்லிப் பார்த்தேன், சொல்லச் சொல்ல எல்லோர் முகத்திலும் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தைப் பார்த்த பிறகு நிறுத்திவிட்டேன். திரும்ப ஏறிக் குதித்தால், பாருங்க, இன்னும் புத்தி வரல என்பார்கள். குதிக்காமல் இருந்தால் குற்ற உணர்ச்சி, பாவம் என்பார்கள். கீழேயே நின்றுவிட்டேன். சுல்தானை ஆல்வின் ஓட்டினான், அது செத்த பிறகு வேறொன்றை ஓட்டினான், இந்தப் பள்ளியை ஆரம்பித்தான், பலகையில் அவன் பெயர். ஆனால் நான் ஒன்று நினைத்துக்கொண்டேன், எனக்கு அதுதான் ஆறுதல், இவன் அந்தக் கதையை நம்பிவிட்டான். அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, தேதியெல்லாம் கலைந்து, இவனும் உண்மையாகவே நம்பிவிட்டான். நம்பிவிட்டவனோடு வாழலாம். பொய் சொல்கிறவனோடு எப்படி ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியும். சாப்பிட்டிருக்கிறேனே. மீன் குழம்பில் நடுத்துண்டு அவனுக்குத்தானே எடுத்து வைக்கிறேன். நம்பிவிட்டான், அதனால்தான். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தது ஞாபகமிருக்கிறது, அது நின்றுகொண்டிருந்த விதம், நுனியில் ஆவி, அதைப் பார்த்துக்கொண்டே

காற்று. அடியில் ஒன்றுமில்லை. மணல் இல்லை, குளம்புச் சத்தம் இல்லை, என் வயிறு மேலே போய்விட்டது, அப்புறம் தொம் என்று தரை, பிஸ்கட் தலையை ஆட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறது, வேலி எங்களுக்குப் பின்னால் இருக்கிறது. தாண்டிவிட்டது. தாண்டிவிட்டதா? நான் ஒன்றுமே செய்யவில்லை, நான் அங்கே இல்லவே இல்லை, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அட என் ராஜாத்தி, என் செல்லமே. நான் சிரிக்கிறேன், சத்தமாக, யாருமில்லாத மைதானத்தில், பைத்தியம் மாதிரி. திருப்பி இன்னொரு தடவை, இப்போது நான் இங்கே இருக்கிறேன், இப்போது தெரிந்தே போகிறேன், பயம் இருக்கிறது, இருக்கட்டும், அதுவும் கூட வரட்டும். காதுகள் முன்னால், ஒரு சின்னத் தயக்கம், நான் கையைத் தளர்த்துகிறேன், போ என்று சொல்லவில்லை, போனால் போ என்றுதான் விடுகிறேன், போகிறது. நீளக் கம்பு போட்ட அடுத்த வேலியையும். எத்தனை வருஷம். உடம்பு எதையும் மறக்கவில்லை, முதுகு தானாக மடிகிறது, கை தானாகக் கழுத்தோடு முன்னால் போகிறது. கண்ணில் தண்ணீர் வருகிறது, காற்றினால்தான். ஆல்வின் பார்த்தானா? கேட் பக்கம் பார்க்கிறேன். கார் வந்துவிட்டது, அவன் குனிந்து கதவைத் திறந்துகொண்டிருக்கிறான்.

"தாண்டுச்சு" என்கிறேன், இரண்டு பேரும் மைதான ஓரம் வந்ததும். மூச்சு வாங்குகிறது. "இப்பத்தாங்க, ரெண்டையும் தாண்டுச்சு." ஆல்வின் என்னைப் பார்க்காமல் கடிவாளத்தைப் பிடிக்கிறான். "சரி, இறங்கு." "நானே காட்டறேனே." சிரிக்கிறான், சென்னியப்பன் சாருக்காக, பிறகு என் பக்கம் குரலைத் தாழ்த்தி, "அவர் முன்னாடி நின்னுட்டா என்ன பண்ணுவ? இறங்கு பியூலா." இறங்காதே. பிஸ்கட் மாதிரி நில். காலை ஊன்றி நில், காரணம் சொல்லாதே. கால் தானாக மிதிவளையத்திலிருந்து கழன்றுகொள்கிறது. இறங்கிவிட்டேன். அவன் கால் நீளத்துக்கு நானே வார்களை இறக்கிவிடுகிறேன், வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா, நானேதான். அவன் ஏறுகிறான். நில், நான் மனதுக்குள் சொல்கிறேன், பிஸ்கட், இவனுக்கு நில், இவனைத் தூக்கிப் போடு, வேறெதுவும் கேட்கமாட்டேன். ஆல்வின் நன்றாக ஓட்டுவான், அதை மறுக்க முடியாது, நேர்முதுகு, அமைதியான கை. ட்ராட்டில் ஒரு சுற்று. வேலிக்குத் திரும்புகிறான். பிஸ்கட் காதைக் குத்திட்டு, தயங்கவே தயங்காமல், ஒரு பூனை திண்டில் ஏறுவதுபோல் அவ்வளவு சுலபமாகத் தாண்டுகிறது. இரண்டாவதையும். திரும்பி வந்து மறுபடியும். எனக்குச் செய்ததைவிட அழகாகச் செய்கிறது. ஒரு வாயில்லாத ஜீவனை நான் இவ்வளவு வெறுக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

"அட, பரவால்லீங்களே!" சென்னியப்பன் சார் கை தட்டுகிறார். "இப்பவே பெங்களூர்க்காரருக்கு போன் போட்டுச் சொல்லிடறனுங். தாண்டுனாத்தான் எடுத்துக்குவேன்னு ஒத்தக் கால்ல நின்னாருங் அவரு." எனக்குப் புரியவில்லை. "தரணிகாவுக்குன்னு..." என்கிறேன். "அவ எங்கீங் அம்மணி இனி ஏறப்போறா, அவங்கம்மா விட்ருவாங்களா? வித்துப்போடலாம்னு அப்பவே முடிவு பண்ணிப்போட்டமுங். ஆல்வின் சார்கிட்ட சொன்னேனே." ஊட்டி? ஏரிக்கரை? ஆல்வின் இறங்கிக்கொண்டிருக்கிறான், சேணத்தின் வாரை என்னவோ பார்க்கிறான், வார் சரியாகத்தான் இருக்கிறது. எதைச் சொன்னால் நான் விடியற்காலையில் எழுந்து வருவேன் என்று தெரிந்து சொல்லியிருக்கிறான். சார் என் பக்கம் திரும்புகிறார், நல்ல மனிதர்தான், மரியாதைக்குக் கேட்கிறார். "ஏனுங் அம்மணி, நீங்க இப்படிக் குதிக்கறதில்லீங்ளா?" நான் வாயைத் திறப்பதற்குள் ஆல்வின் சொல்கிறான், அந்தக் குரலில், மாத்திரை கொடுக்கிற மாதிரி ஒரு குரல் வைத்திருக்கிறான். "இல்லீங்க சார், இவளுக்கு முன்னாடி ஒண்ணு ஆயிடுச்சு. மாசமா இருக்கறப்ப ஜம்ப் பண்ணி... அதோட விட்டுட்டா." சார் உச்சுக்கொட்டுகிறார். "அடடா, பாவமே." முகத்தில் அந்த இரக்கம் வருகிறது, எனக்குத் தெரிந்த இரக்கம். என் வாய் பேசுகிறது. "நான் ஏறவேயில்லீங்க சார். தெரிஞ்ச அன்னைக்கே இறங்கிட்டேன். அது போனப்ப நான் வீட்ல இவரோட பேன்ட்ட இஸ்திரி போட்டுட்டிருந்தேன்." சார் குதிரையைப் பார்க்கிறார், மலையைப் பார்க்கிறார், கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். "சரிங், வெயில் ஏறுதுங். நான் கிளம்பறனுங்." கார் கதவு சாத்துகிற சத்தம் மிக மெதுவாகக் கேட்கிறது, சாவு வீட்டு வாசலில் சாத்துகிற மாதிரி.

பிஸ்கட்டைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கட்டிவிட்டு ரப்பர் குழாயைத் திருப்புகிறேன். முதலில் கால்களுக்கு, முழங்காலுக்குக் கீழே, சூடு இறங்கட்டும். அது தலையைக் கொண்டுவந்து என் தோளில் தேய்க்கிறது, நான் தள்ளிவிடுகிறேன், மறுபடியும் தேய்க்கிறது. உனக்கென்ன, உனக்கு ஒன்றும் தெரியாது, பெங்களூரில் யாரோ ஏறுவார்கள், அவர்களுக்கும் தாண்டு. பின்னால் பூட்ஸ் சத்தம் வந்து நிற்கிறது. எனக்கு அவன் என்ன சொல்வான் என்று தெரியும், நீ ஏறினே பியூலா, உனக்கு மறந்துபோச்சு, ஒரு நாள் ஏறினே, நான் பார்த்தேன் என்பான், நம்பிவிட்டவன் அப்படித்தான் சொல்வான், நாங்கள் சண்டை போடுவோம், நான் தேதி சொல்வேன், அவன் வேறு தேதி சொல்வான். அதற்குத் தயாராகத்தான் இருக்கிறேன். "வெளி ஆள் முன்னாடி எதுக்கு?" என்கிறான். நான் திரும்பவில்லை. "நான் ஏறல. உனக்குத் தெரியும்தானடா?" நீ வந்துவிட்டது, டா வந்துவிட்டது, எங்கிருந்தோ. தண்ணீர் குதிரையின் காலில் பட்டு மணலில் குழி பறிக்கிறது. அவன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றுவது பூட்ஸின் கிறீச் சத்தத்தில் எனக்குத் தெரிகிறது. "தெரியும்" என்கிறான், சலிப்பாக, பழைய வீட்டு விலாசத்தை யாரோ கேட்ட மாதிரி. "தெரியாம என்ன? அம்மாவும் போயாச்சு, இத்தனை வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு அதெல்லாம்." பிறகு, "சாப்பிட வா, மணியாச்சு" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடக்கிறான். தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு நாளும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கிறேன், கால் கழுவி முடித்து எவ்வளவோ நேரமாகிவிட்டது, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது.